கட்டியவர் பெயரும் காத்தவர் பெயரும்

ஒரு மொழியின் இலக்கியம் யாரைப் போற்றுகிறது என்பதைக் கொண்டு அம்மொழி பேசும் மக்களின் மனத்தை அளந்துவிடலாம். தமிழிலக்கியம் நீரைப் போற்றியது. நீருக்குக் கரை எடுத்த மன்னனைப் போற்றியது. அந்நீரால் விளைந்த நெல்லையும் போற்றியது. கரையில் எலிவளை விழுந்தால் அதை அடைத்தவனை, மதகுப் பலகையைக் காலத்தில் உயர்த்தியவனை, வாய்க்காலில் அடைந்த சேற்றை வாரியெடுத்தவனைப் போற்றியதா? ஊருக்குப் பொதுவானவற்றை நாள்தோறும் பழுதின்றிக் காத்துத் தருவோர் நம் இலக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கின்றனர்? இக்கேள்வியை முன்வைத்துச் சில நூல்களை ஈண்டு படித்துப் பார்க்க விழைகிறோம்.

திண்டுக்கல் வட்டார வாசகர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. தண்ணீர்ப் பஞ்சத்தைப் பரம்பரையாக அறிந்த ஊர் நம்முடையது. 1866-இல் நகராட்சியாகி 2014-இல் மாநகராட்சியான இந்நகரின் தாகம், ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தாலும் வைகைப் பேரணையிலிருந்து வரும் குழாயாலும் பின்னர்க் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தாலும் தணிக்கப்பட்டு வந்துள்ளது. தொலைவிலுள்ள அந்த நீருக்கும் நம் வீட்டுக் குடத்துக்கும் இடையில் மனிதர் பலர் நிற்கின்றனர். நீரேற்று நிலையத்தில் மோட்டாரை இயக்குபவர், தெருமுனையில் வால்வைத் திறந்து மூடுபவர், குழாய் உடைந்த இடத்தில் இடுப்பளவு பள்ளத்தில் இறங்குபவர். தண்ணீர் வராத நாளில் நாம் அவர்களைத் தேடுகிறோம். வந்த நாளில் யாரையும் தேடுவதில்லை. காப்பவரின் வேலைக்கு இதுவே இயல்பு. அது செவ்வையாக நடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அவரைப் பாடுவது இலக்கியத்திற்கு அரிதாயிருப்பதன் முதற்காரணமும் இதுவே எனலாம்.

மன்னனும் பொறியாளரும்

நம் பழம்பாடல்கள் நீர்நிலை அமைத்தலை அரசகடமையாக உயர்த்திப் பேசின. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்ன அறிவுரை புறநானூற்றின் 18-ஆம் பாட்டாக நிற்கிறது. நிலத்தையும் நீரையும் சேர்த்து வைப்பவனே உடம்பையும் உயிரையும் சேர்த்து வைப்பவன் என்பது அதன் உட்கிடை. உலகில் பெயரை நிலைநிறுத்த விரும்பும் மன்னனுக்கு அது வழிகாட்டுகிறது. கல்லணையோடு கரிகாலன் பெயர் ஒட்டிக்கொண்டதும் இம்மரபின் தொடர்ச்சியே. பெயர் என்பது கட்டுபவனுக்கு உரிய பரிசு என்ற எண்ணம் நம் இலக்கியத்தில் அன்றே வேரூன்றிவிட்டது.

இதற்குச் சிறு விலக்கு ஒன்றுண்டு. சிறுபஞ்சமூலத்தில் காரியாசான், மேலுலகம் தரும் நற்செயல்களைத் தொகுக்குமிடத்தில், குளம் தோண்டுவதோடும் மரம் நடுவதோடும் மக்கள் நடக்கும் வழியைச் சீர்செய்வதையும் ஒரே வரிசையில் வைக்கிறார். வழியைச் சீர்செய்தல் ஒருநாளில் முடிவதன்று. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மீண்டும் செய்ய வேண்டியது. அதனை அறமென்று எண்ணிய அந்தப் பார்வை பிற்கால இலக்கியத்தில் செழித்து வளரவில்லை.

மன்னன் இருந்த இடத்தில் பிற்காலத்தில் பொறியாளர் வந்தமர்ந்தார். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் முடித்துத் தந்த பென்னி குக் இன்றும் தென்மாவட்ட மக்களின் நன்றிக்கு உரியவர். அவர் பிறந்தநாளில் தேனிப் பக்கத்து உழவர்கள் பொங்கலிடுகின்றனர். லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. அ. வெண்ணிலா 'நீரதிகாரம்' என்னும் பெருநாவலில் அந்த அணை எழுந்த கதையை விரித்துள்ளார். ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலான அந்நாவல் பென்னி குக் ஒருவரோடு நின்றுவிடாமல், காட்டிலும் காய்ச்சலிலும் உழன்ற கூலிகளையும் கண்முன் நிறுத்த முயல்கிறது. அது பாராட்டுக்குரிய முயற்சி. ஆயினும் அதன் பொருள் அணை எழுந்த கதை.

அணைக்கு எழுந்த பின்னும் ஒரு வாழ்வு உண்டு. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெரியாற்று நீர் வைகைப் பக்கம் வந்து, நிலக்கோட்டைப் பக்கத்துப் பேரணையில் கால்வாயாகப் பிரிகிறது. அன்றிலிருந்து இன்றுவரை, நூற்று முப்பது ஆண்டுகளாக, யாரோ ஒருவர் அந்த மதகுகளின் அருகே விழித்திருக்கிறார். அணையின் உறுதி குறித்த அச்சம் 1979-இல் எழுந்தபோது, அதன் உடலுக்குள் இரும்பு வடங்களைச் செலுத்தியும் பின்புறம் கான்கிரீட் தாங்கல் கொடுத்தும் வலுப்படுத்தினர். அந்தப் பணியும் அணை கட்டிய பணிக்கு இளைத்ததன்று. அதற்கு எந்த மணிமண்டபமும் இல்லை. நாவலும் வரக் காணோம். கட்டுவதில் தொடக்கம், இடையூறு, வெற்றி என்று கதைக்கு வேண்டிய மூன்றும் அமைந்துவிடுகின்றன. காப்பதில் வெற்றி என்றொரு நாள் வருவதே இல்லை. ஆகவே கதைசொல்லி கட்டியவனிடம் போகிறான்.

இரக்கத்தின் இலக்கியம்

காப்பவரை இலக்கியம் முற்றிலும் மறந்தது என்று சொல்வதும் நேர்மையாகாது. நகரைத் துப்புரவாக வைப்போரைப் பற்றித் தமிழ் வாசகன் மறக்கவொண்ணாத நூல்கள் உண்டு. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் மலையாளத்தில் எழுதியதும் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைத்ததுமான 'தோட்டியின் மகன்' அவற்றுள் முதலாவது. ஆலப்புழை நகரின் மலத்தைச் சுமந்த மூன்று தலைமுறையின் கதை அது. நோயுற்ற தந்தையின் வாளியையும் மண்வெட்டியையும் மகன் சுடலைமுத்து கையிலெடுக்கும் இடத்திலேயே நாவலின் முழு வழக்கும் தொடங்கிவிடுகிறது. தன் மகனாவது தோட்டியாகக் கூடாது என்று அவன் சூள் கொள்கிறான். பிள்ளைக்கு மோகனன் என்று பெயரிடுகிறான். அந்தப் பெயரைக் கேட்டே பிறர் நகைக்கின்றனர். பணம் சேர்க்கிறான், சேர்த்த பணத்தின் பொருட்டு உடன்தொழிலாளரின் ஒற்றுமையையும் விட்டுக்கொடுக்கிறான். தனியொருவன் தப்பித்துக்கொள்வதால் அமைப்பு மாறுவதில்லை என்பதைத் தகழி ஈவிரக்கமின்றிக் காட்டுகிறார்.

குமரி மண்ணிலிருந்து வந்த மலர்வதியின் 'தூப்புக்காரி', 2012-இல் சாகித்திய அகாதெமியின் இளம் எழுத்தாளருக்கான விருதைப் பெற்றது. மருத்துவமனையைக் கூட்டித் துடைக்கும் கனகமும் அவள் மகள் பூவரசியும் அதன் மையப் பாத்திரங்கள். தாயின் துடைப்பம் மகளின் கைக்கு வந்து சேரும் அவலத்தை, அந்த வட்டாரத்தின் பேச்சுமொழியிலேயே, விலகி நில்லாமல் எழுதுகிறார் ஆசிரியர். பிறர் சுகம் பெறும் இடத்தில் தாம் நோயுறும் பெண்களின் உலகம் அது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படமும் (2017) ஈண்டு குறிக்கத்தக்கது. கையால் மலமள்ளும் தொழிலில் வாழ்வோரையும் அத்தொழிலில் மாண்டோரின் குடும்பத்தாரையும் அது நேரே பேசவிட்டது. பல இடங்களில் அதனைத் திரையிட அனுமதி மறுக்கப்பட்டதே அதன் வலிமைக்குச் சான்று.

இப்படைப்புகளின் அறச்சீற்றத்தை நாம் மதிக்கிறோம். எனினும் திறனாய்வு மதிப்போடு நின்றுவிடலாகாது. இவற்றைப் படித்து முடித்தபின் வாசகனிடம் எஞ்சுவது பெரும்பாலும் இரக்கமே. இரக்கம் மேலிருந்து கீழே பாய்வது. அதில் ஒருவர் கையேந்துபவராகவும் மற்றவர் மனமிளகுபவராகவும் நிற்கின்றனர். கூட்டுபவளின் துயரை நாம் அறிகிறோம். அவளது வேலையின் அறிவை அறிவதில்லை. எந்தக் கழிவைத் தனியே பிரிக்க வேண்டும், எந்த வாடை அபாயத்தின் அறிகுறி, எந்தச் சாக்கடை எந்த மழைக்கு எந்த இடத்தில் எதிர்த்து வரும் என்பவையெல்லாம் அனுபவத்தால் மட்டுமே கிட்டும் அறிவு. தச்சனின் அறிவையும் மருத்துவரின் அறிவையும் வியக்கும் நாம், இதனை அறிவென்று எண்ணவும் தயங்குகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலமள்ளும் தொழிலைப் போற்றிப் பாடுவது கொடுமையாகவே முடியும். அது ஒழிய வேண்டிய தொழில். 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் அதனைத் தடைசெய்தன. 2014-இல் உச்சநீதிமன்றம், கழிவுநீர்க் குழியில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்திருக்கிறது, இறப்பு நின்றபாடில்லை. இத்தகைய மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. ஆகவே காப்போரைப் போற்றும் எழுத்தாளர் எவரும் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். மனிதரை மதிப்பது வேறு. அவர்மீது சாதி சுமத்திய இழிவைப் புனிதமாக்குவது வேறு. முன்னதைச் செய்வதாக எண்ணிப் பின்னதைச் செய்த மேடைகள் பல.

குடகனாற்று வெள்ளம்

இரக்கமும் வேண்டாம், வீரவழிபாடும் வேண்டாம் என்றால் எதை எழுதுவது? நம் சமவெளியிலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே எழுந்த மண்ணணை, கட்டி முடிக்கப்பட்ட காலத்திலேயே, 1977-ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்தது. அணை உடைப்புகளை ஆராயும் பொறியியல் நூல்கள் இந்நிகழ்வை எடுத்துரைக்கின்றன. அவ்வணைக்கு ஐந்து ஷட்டர்கள். வெள்ளம் ஏறியபோது பணியாளர்கள் உடனே அவற்றை உயர்த்த முற்பட்டனர். பாதி உயர்ந்த நிலையில் மின்சாரம் நின்றது. மாற்று ஜெனரேட்டரை இயக்கினர், அதுவும் கைகொடுக்கவில்லை. பின்னர்க் கையாலேயே சுழற்றி உயர்த்த முயன்றனர். எல்லா முயற்சியையும் மீறி நீர் கரைக்கு மேலே ஏறி, பின்சரிவில் அருவியாய் விழுந்து மண்ணை அரித்தது; அணை பல இடங்களில் பிளந்தது.

இச்செய்தியை ஓர் இலக்கியப் பகுதியாகக் கருதிப் படித்துப் பாருங்கள். கடமை இருக்கிறது, இடையூறு இருக்கிறது, விடாமுயற்சி இருக்கிறது, தோல்வியும் இருக்கிறது. துன்பியலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த அறிக்கை மொழியில் அவர்கள் 'பணியாளர்கள்' என்ற ஒரு சொல்லாக மட்டுமே வருகின்றனர். எத்தனை பேர், எந்த ஊரார், கரை கரையத் தொடங்கியபோது யார் யாரைப் பார்த்து என்ன கூவினர் என்பதற்கு அங்கே இடமில்லை. ஷட்டர்களின் எண்ணிக்கையும் அகலமும் பதிவாகின. அவற்றைச் சுழற்றிய கைகளின் பெயர் பதிவாகவில்லை. பொறியியல் நூலை இதற்காக நாம் குறைகூறவில்லை. அதன் வேலை அதுவன்று. அது விட்ட இடத்தில் தொடங்க வேண்டிய வேலை இலக்கியத்தினுடையது. அணை மீண்டும் கட்டப்பட்டது. கதைதான் இன்னும் கட்டப்படவில்லை.

தோல்வியில் முடிந்த ஒரு முயற்சியை எதற்காகப் போற்ற வேண்டும் என்று கேட்கலாம். காப்பவரின் தரத்தை விளைவு ஒன்றால் மட்டும் அளப்பது முறையன்று. ஆயிரம் மழைக்கு மதகைத் திறந்தவரை யாரும் அறியார். ஒரு மழைக்குத் திறக்க இயலாமற் போனால் ஊரெல்லாம் அறியும். இந்த ஓரவஞ்சனையைத் திருத்த வல்லது எழுத்து ஒன்றே.

பெயர்ப்பட்டியலின் அழகு

திருத்துவது எவ்வாறு? பழைய நூல் ஒன்று அதற்கு வழிகாட்டுகிறது. விவிலியத்தில் நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தைப் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். பெயர்களின் நீண்ட பட்டியலாக அது தோன்றுவதே காரணம். எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் எந்தெந்தப் பகுதியில் பழுதுபார்த்தனர் என்று, ஏறத்தாழ நாற்பது பகுதிகளாக, வாயில் வாயிலாக அது சொல்லிச் செல்கிறது. இலக்கியக் கண்ணோடு நோக்கினால் அதன் நுட்பம் விளங்கும்.

தலைமைக் குருவின் பெயரும் பொற்கொல்லரின் பெயரும் நறுமணத் தைலம் செய்வோரின் பெயரும் அதில் ஒரே நடையில், ஒரே அளவான வாக்கியத்தில் வருகின்றன. சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு சேர்ந்து பழுதுபார்த்ததும் பதிவாகிறது. ஊர்க்குப்பை வெளியேறும் குப்பைமேட்டு வாயிலைச் சீராக்கி, கதவும் தாழ்ப்பாளும் பொருத்தியவர் ஒரு மாவட்டத்தின் தலைவர். அந்த வாயிலை இழிந்தோர்க்கு உரியதென்று அந்நூல் ஒதுக்கவில்லை. தெக்கோவாவைச் சேர்ந்த பொதுமக்கள் வேலை செய்தனர், அவ்வூர்ப் பெருமக்களோ கழுத்தை வளைக்க மறுத்தனர் என்பதையும் அது மறைக்காமல் எழுதி வைத்தது. உவமையில்லை, புகழுரையில்லை, ஆள், இடம், செய்த வேலை என்ற மூன்று மட்டுமே. கட்டியவனுக்கே உரியதென்று உலகம் ஒதுக்கிய பெயரை, இடிந்ததைச் சீர்செய்தவனுக்கு அது வழங்கியது. அதுவே அதன் பெருமை.

சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. உழவரையும் கொல்லரையும் குயவரையும் வரிசையாகக் காட்டிவிட்டு, இவர்களின்றி எந்நகரிலும் வாழ்வில்லை, ஆயினும் மன்றத்தில் இவர்களிடம் ஆலோசனை கேட்பாரில்லை என்று அது உரைக்கிறது. இவர்கள் கைகளே உலகின் அமைப்பைத் தாங்குகின்றன என்ற ஒப்புதலும் அதில் உண்டு. ஆலோசனைக்கு அழையாத குறையை அது கண்டிக்காமல் உலகியல்பாக ஏற்றுக்கொள்வதுபோல் தோன்றுகிறது. இன்றைய வாசகராகிய நாம் அங்கே ஒரு கேள்வியை எழுப்பாமல் கடக்க முடியாது.

தமிழகத்தில் அக்கேள்விக்கு ஓரளவு விடையாக அமைந்தது செய்யுளன்று, கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), ஏரியைப் பராமரிப்பதற்கென்றே அறுவர் கொண்ட ஏரி வாரியம் ஒன்றைக் குடவோலை முறையில் தேர்ந்த செய்தியைத் தருகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்றும் விதித்தன. காத்தலை ஊர்ப்பொறுப்பாக, கணக்குக் கேட்கத்தக்க பொறுப்பாகக் கருதிய உரைநடை அது. குறையும் உண்டு. நிலமும் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம். சேற்றை வாரியவர்க்குக் குடவோலையில் பெயரில்லை.

பொன்னாடையும் சொல்லும்

இவ்வளவும் பேசியபின் நம் காலத்துக்கு வருவோம். சொற்களை மாற்றுவதில் நாம் வல்லவர்கள். தோட்டி என்றோம், துப்புரவுப் பணியாளர் என்றோம், இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறோம். துப்புரவு என்னும் சொல்லைத் திருவள்ளுவர், துய்க்கும் பொருள் என்ற கருத்தில் ஆள்கிறார். அத்தகைய சொல்லையும் நம் வழக்கு தாழ்த்திவிட்டது. தூய்மை என்ற சொல்லையும் ஒருநாள் தாழ்த்திவிடக் கூடும். புதிய பெயர் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பெயரோடு ஊதியமும் பணிநிலைப்பும் பாதுகாப்பும் சேர்ந்து வராவிடில், சொல் தன் பொருளை இழக்கும் என்கிறோம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் முன் தூய்மைப் பணியாளர்கள் பல நாள் அமர்ந்து கேட்டதும் இதைத்தான்: எங்கள் பணியைத் தனியாரிடம் தள்ளாதீர்.

சாலைப் பணியாளர்களின் வரலாறும் இத்தகையதே. 1997-இல் நெடுஞ்சாலைத் துறையில் ஏறத்தாழ 10,000 பேர் சாலை காக்கும் பணியில் அமர்த்தப்பட்டனர். 2002-இல் ஒரே ஆணையால் நீக்கப்பட்டனர். 2006-இல் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட 41 மாதங்கள் அவர்தம் வீடுகளில் எவ்வாறு கழிந்தன? புளியமர நிழலில் குழியை நிரப்பிக்கொண்டிருந்தவர் திடீரென அச்சாலைக்கே அயலாராகிப்போன அனுபவம் ஒரு பெருநாவலுக்குப் போதாதா? தமிழ்ப் புனைகதை இதன்பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை என்பது வருந்தத்தக்கது.

மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பரை நாம் நினைவுகூர்கிறோம். 1955-இல் ஏற்படுத்தப்பட்ட திருநாள் அது. அதனையொட்டியும் பிற விழாக்களிலும் பணியாளர் சிலரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது நல்ல வழக்கமே. அங்கே பேசுவோர் யார் என்பதைக் கவனியுங்கள். போர்த்துபவர் பேசுகிறார், போர்த்தப்பட்டவர் கைகூப்பி இறங்குகிறார். ஐந்து நிமிடம் அவர் பேசட்டும். எந்தத் தெருவில் குழாய் எந்த ஆண்டில் பதித்தது, எந்தப் பாலத்தின் அடியில் கல் பெயர்ந்திருக்கிறது, எந்தக் குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று அவர் சொல்லக் கேட்டால், நாம் போற்றுவது எதை என்பது நமக்கே விளங்கும். சீராக்கின் ஞானம் சுட்டிய அந்தப் பழைய குறையும் சிறிது தீரும்.

எழுதுகோல் ஏந்தும் நம் இளைஞர்க்கும் இதுவே நம் வேண்டுகோள். நீரேற்று நிலையத்துக்கும் பேரணை மதகடிக்கும் மின்கம்பத்தின் அடிக்கும் சென்று அமருங்கள். இரங்கி எழுத வேண்டாம். வியந்தும் எழுத வேண்டாம். அவர் என்ன செய்கிறார், எதைக் கொண்டு செய்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். அவர் இசைந்தால் பெயரையும் எழுதுங்கள். குடகனாற்றுக் கரையில் 1977-இல் ஷட்டரைக் கையால் சுழற்றியவர்களுள் எவரேனும் இன்று முதியவராய் நம் ஊர்களில் இருக்கலாம். அவரைத் தேடிப் போவதற்கு இன்னும் காலம் இருக்கிறது, நெடுங்காலம் இல்லை.